கத்தியா, வாளா? கிரேக்கர்கள் வைத்த பெயர்கள்

இன்னைக்கு எபிசோட் பழைய கிரேக்கக் குட்டை வாள்களைப் பத்தி.

பண்டைய கிரீஸை வச்சு வந்த கேம் ஆடினவங்களுக்கு ஆயுதப் பட்டியல் ஞாபகம் இருக்கும். நேரா, ரெண்டு பக்கமும் கூரா இருந்தா க்ஸிஃபோஸ். ஒரு பக்கம் மட்டும் கூரா, வளைஞ்சு இருந்தா கோபிஸ் அல்லது மகைரா. கைக்கடக்கமான குத்துவாள்னா எங்கைரிடியன். என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மாதிரி சுத்தமான பட்டியல்.

ஆனா கிரேக்கர்கள் இவ்வளவு கறாரா பேசல.

மகைராவையே எடுத்துக்குவோம். ஹோமரோட இலியட்ல அது வாள் உறைக்குப் பக்கத்துல தொங்குற கத்தி. அகமெம்னான் பலி கொடுக்குறப்போ அதைத்தான் உருவுறான். சில நூற்றாண்டு கழிச்சு ஜெனோஃபன், குதிரைவீரனுக்கு க்ஸிஃபோஸை விட மகைரா நல்லதுன்னு எழுதுறார். உயரத்துல இருந்து வெட்டணுமே! அதுக்குக் காரணம் சொல்ற அடுத்த வரியிலயே அவர் அதை கோபிஸ்னு கூப்பிடுறார். ப்ளூட்டார்க்கோ ஸ்பார்ட்டாக்காரங்களோட புகழ்பெற்ற குட்டை வாளை மகைராங்கிறார். ஹெரடோட்டஸ் பாரசீகர்களோட அகினகேஸை 'பாரசீக க்ஸிஃபோஸ்'னு விளக்குறார்.

குழப்பமா இருக்கா? நம்ம வீட்ல வெங்காயம் வெட்டுறதும் கத்திதான், சினிமால ராஜாக்கள் போடுறதும் கத்திச் சண்டைதான். யாராவது குழம்புறோமா?

சரி, பேர் எதுவா இருந்தா என்னன்னு கேட்கலாம். கி.மு. 514-க்குப் போவோம். ஏதென்ஸ்ல பனாத்தினேயா திருவிழா. ஹார்மோடியஸ், அரிஸ்டோகைட்டன்னு ரெண்டு பேர் சேர்ந்து, ஆட்சியில இருந்த ஹிப்பியாஸோட தம்பி ஹிப்பார்க்கஸைக் கொல்றாங்க.

வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதுறப்போ வர்ற சொல் எங்கைரிடியன். 'கையில் இருப்பது'ன்னு அர்த்தம். அவர் கதைப்படி, அந்த ஊர்வலத்துல கேடயமும் ஈட்டியும் எல்லாரும் வெளிப்படையா கொண்டு போறதுதான் வழக்கம். அதனால ஹிப்பியாஸ் தேடினது குத்துவாளை மட்டும். அதை வச்சிருந்தவங்க மாட்டினாங்க. ஈட்டி வச்சிருந்தா பக்தன், குத்துவாள் வச்சிருந்தா சதிகாரன்.

ஆனா ஏதென்ஸ்காரங்க விருந்துகள்ல இந்த ரெண்டு பேரையும் புகழ்ந்து பாடின பாட்டுல அதே ஆயுதம் க்ஸிஃபோஸ். போர்வீரனோட வாள்.

இந்தக் கொலைக்குக் காரணமே ஒரு காதல் பகைன்னு வாதாடினவர் துசிடிடீஸ். மக்களுக்கோ அவங்க கொடுங்கோலை எதிர்த்த விடுதலை வீரர்கள். ஆயுதத்தோட பேர்லயே அந்த வித்தியாசம் தெரியுது.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்கைரிடியன்ங்கிற அதே சொல்லுக்குக் கையேடுன்னும் அர்த்தம் உண்டு. தத்துவஞானி எபிக்டெட்டஸோட போதனைகளை அவர் மாணவர் அர்ரியன் தொகுத்த சின்னப் புத்தகத்துக்கு அதுதான் பேர். குத்துவாளோ புத்தகமோ, கைக்குப் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.