கேட்டவர், எழுதியவர், ஒப்பமிட்டவர்

மன்னன் வாய்மொழியாகப் பிறப்பித்த ஆணை ஊர் மக்களைச் சென்று சேருமுன் எத்தனை பேருடைய பொறுப்பில் சரிபார்க்கப்பட்டது என்பதற்குச் சோழர் காலச் சான்றுகளுள் தலைசிறந்தவை, பெரிய லைடன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளாகும். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடப்படும் கொடையாக, வழங்கியதை இவை பதிவுசெய்கின்றன.

சோழர் ஆவணங்களில் அரசன் சொல்லை நேரில் கேட்ட அலுவலர் திருவாய்க்கேள்வி என்றும், அதை எழுதியவர் திருமந்திர ஓலை என்றும், எழுதியதைப் பார்த்து ஒப்பமிட்ட மேலதிகாரி திருமந்திர ஓலைநாயகம் என்றும் குறிக்கப்பட்டனர். ஆனைமங்கல ஆணையை எழுதியவர் அமுதன் தீர்த்தகரன் என்பதும், ஒப்பமிட்டோருள் ஒருவர் கிருஷ்ணன் இராமன் என்பதும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் தெரிகின்றன என்றால், அதற்குக் காரணம் சொல்லோடு அதற்குப் பொறுப்பானவரின் பெயரும் சேர்ந்தே பயணம் செய்ததுதான். வரிக்கணக்கில் ஏறிய பின்னரே ஆணை நாட்டாருக்குப் போயிற்று; அவர்கள் பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, கண்டதை அறையோலையாக எழுதிக் கையொப்பமிட்டனர்.

படியெடுப்பதிலும் இதே கவனம் இருந்தது. திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டுமுன் அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாறு இராஜராஜன் ஆணையிட்டான். அவை இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் பொறிக்கப்பட்டன. திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் திருப்பணியின்போது புதுப்பித்து வெட்டியவற்றில், இது பழங்கற்படி, அதாவது பழைய கல்வெட்டின் நகல், என்ற குறிப்பே இடம்பெற்றுள்ளது. நகலை நகல் என்று சொல்லிவிடும் இந்த நேர்மை போற்றுதற்குரியது.

இன்று கைப்பேசிகளில் கைமாறும் செய்திகளோடு இத்தகைய பொறுப்பாளர் பெயர்கள் சேர்ந்து வருவதில்லை. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகக் கைப்பேசியில் பரவிய பொய்யை நம்பிய கூட்டமொன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே முதியவர் ஒருவரை அடித்துக் கொன்றது. அத்தகைய கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் நிகழ்ந்த நிலையில், வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டு ஜூலையில் ‘ஃபார்வேர்டு’ என்ற அடையாளத்தைச் சேர்த்து, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு விதித்தது. ஆனால் அந்த அடையாளம் செய்தி நகல் என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. கேட்டவர் யார், எழுதியவர் யார், ஒப்பமிட்டவர் யார் என்ற மூன்றையும் தேட வேண்டிய பொறுப்பு இன்று அதைப் பெறுபவருடையதே.