வடக்கன்குளம்: ஓர் எல்லையூரின் மக்களும் மறையும்

ஜூபிலி மலர் என்றால் முன்னோர் பெருமையை எழுதுவது வழக்கம். வடக்கன்குளத்தின் வரலாற்றை அவ்வாறு மட்டும் எழுதப் புகுந்தால் பாதியை மறைக்க நேரிடும். நம் பிள்ளைகள் முழுவதையும் அறிவதே நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே அமைந்த ஊராட்சி இது. மலைக்கு மேற்கே கொட்டுகிற மழை இப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கணவாய் வழியே காற்று மட்டும் தவறாமல் வந்துசேரும். பனைக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் உரிய மண். நாடார் மக்கள் பனைத் தொழிலாலும் பின்னர் வணிகத்தாலும், வெள்ளாளர் வேளாண்மையாலும் வாழ்ந்தனர். வேறு பல குலத்தாரும் இவர்களோடு குடியிருந்தனர்.

இங்கே மறையின் முதல் விதை ஒரு பெண்மணியின் வழியாக விழுந்தது. 1680-இல் நாடார் குலப் பெண் ஒருவர் மனந்திரும்ப, சிறு கோவில் ஒன்று எழுந்தது. 1685-இல் இயேசு சபைக் குருக்கள் நிலையான மறைத்தளம் அமைத்தனர். ஊரின் பெயர் நெடுந்தொலைவு பரவியதற்கோ வேறு காரணம் உண்டு. அன்று இது திருவிதாங்கூர் மன்னரின் எல்லைக்கு வெளியே, பாண்டி நாட்டில் இருந்தது. அரசனுக்கு அஞ்சி அங்கே செய்ய இயலாததை இங்கே செய்ய முடிந்தது.

மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலரான நீலகண்டன், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார். அவருடைய கடிதத்தோடு கணவாய் கடந்து இங்கு வந்தார். பரஞ்சோதிநாதர் எனத் தமிழ்ப் பெயர் பூண்ட புத்தாரி அடிகளார் 1745 மே 14-ஆம் நாள் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். அவர் மனைவி ஞானப்பூ அம்மையாரும் இங்கேயே மறை தழுவினார். தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகியது அவர்மேல் பகையை வளர்த்தது. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுடப்பட்டு உயிர் துறந்தார்.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838-இல் பிரெஞ்சு குருக்கள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வரும்வரை இடர்க்காலம்.

இனி, சொல்லத் தயங்கும் பகுதி. ஒரே நற்கருணையை உண்டவர்கள் ஒரே இடத்தில் முழந்தாளிட மறுத்தார்கள். யார் எங்கே இருப்பது, திருவிழாவில் யாருக்கு முதன்மை என்று வெள்ளாளருக்கும் நாடாருக்கும் ஓயாத வழக்கு. 1872-இல் முடிந்த கோவில் இவ்வழக்குக்குக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சொல்லப்பட்ட சமாதானம். பீடம் ஒன்று; அதிலிருந்து விரித்த இரு கால்கள் போல இரண்டு மண்டபங்கள்; இடையே சுவர். பூசை செய்யும் குருவை இரு சாராரும் காண்பர். ஒருவரை ஒருவர் காணார். பார்த்தவர்கள் அதைக் கால்சட்டைக் கோவில் என்றார்கள். கட்டிய குருக்களைக் குறை கூறுவது எளிது. சண்டையின்றி எல்லாரும் பூசை காணட்டும் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். ஆயினும் அந்தச் சமாதானம் எமக்கு ஏற்புடையதன்று. பிணியை ஆற்றாமல் அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாகவே தோன்றுகிறது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் அச்சுவர் நின்றது. 1910-இல் அருட்தந்தை கௌசானல் அதை இடித்தார். பிள்ளைமாரும் முதலியார்களும் தங்கள் தனியுரிமையைக் காக்க நீதிமன்றம் ஏறினர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. சுவர் மீண்டும் எழவும் இல்லை. மனங்களுக்குள் இருந்த சுவர் அன்றே விழுந்ததென்று எழுத எமக்குத் துணிவில்லை. கலியாணப் பேச்சு எழும்போது அது எந்த வீட்டில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அந்தந்த வீட்டாரே அறிவர்.

1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். நம் ஊர் அதன் பகுதியாயிற்று.

2022 மே 15-இல் உரோமையில் நம் மறைச்சாட்சி புனிதராக அறிவிக்கப்பட்டார். நாம் தலைமுறை தலைமுறையாகத் தேவசகாயம் பிள்ளை என்றே சொல்லிப் பழகியவர்கள். உரோமையோ அந்தப் பட்டத்தை நீக்கி, தேவசகாயம் என்று மட்டும் வாசித்தது. 1745-இல் வடக்கன்குளத்தில் தலையில் தண்ணீர் வார்த்தபோது அவருக்கு இட்ட பெயரும் அவ்வளவே.