ஓட்டில்லாமல் அரசியல் படித்த பிள்ளைகள்



சூரமங்கலத்தில் நான் பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுத்த 1980-களில் ஒரு கேள்வி வருடாவருடம் வரும்: "சார், இவ்வளவு படிக்கிறோம், எங்களுக்கு ஏன் ஓட்டு இல்லை?"

அரசியலமைப்பின் 326-ஆவது பிரிவு கேட்ட வயது 21. வியட்நாம் போருக்கு 18 வயதுப் பிள்ளைகளை அனுப்பிய அமெரிக்கா, 1971-லேயே அவர்களுக்கு ஓட்டும் தந்துவிட்டது. இங்கே 18 வயதில் தறி ஓட்டலாம், குடும்பம் தாங்கலாம், ஓட்டுதான் கூடாது!

1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலிலும் அதே கதை. மார்ச் 28-இல் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து வயது 18 ஆனது. நவம்பரில் மக்களவைத் தேர்தல். பழைய மாணவர்கள் சிலர் மை வைத்த விரலோடு என் வீட்டுக்கே வந்து நின்றார்கள்.

அந்த முதல் ஓட்டுக்காரர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்பது மட்டும் வேண்டாம். ரகசிய வாக்கெடுப்பு பாடத்தை நானேதானே நடத்தினேன்!