செவிப்பொறியும் விரியலாக்கியும்: யாழ்ப்பாணத்தார் ஒலி கேட்ட வரலாறு

கேள்வி என்ற சொல்லுக்கு வினா என்பது ஒரு பொருள். செவியாற் கேட்டறிதல் என்பது மற்றொரு பொருள். முதற்பொருளிலே யாழ்ப்பாணத்தார் வல்லவர் என்பதை அயலாரும் ஒப்புக்கொள்வர். இரண்டாம் பொருளிலே அவர்தம் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. தொலைவில் எழுந்த ஒலியை அவர்கள் எக்கருவி கொண்டு கேட்டனர், அக்கருவியை இயக்கும் ஆற்றலை எங்கிருந்து பெற்றனர் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இக்காலத்திலே பல வீடுகளில் நிகழ்வதொன்றை முதலில் நோக்குவோம். கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர், தலையிலே பூணும் செவிப்பொறி ஒன்றை, அஃதாவது உயர்விலை ஹெட்போன் ஒன்றை, ஊரிலுள்ள மாணவனுக்கு அனுப்புகின்றார். மாணவன் அதனைத் தன் கைத்தொலைபேசியிற் பொருத்துகின்றான். சந்தையிலே சில நூறு ரூபாவுக்கு வாங்கிய செவிச்செருகியினும் மெலிதாக அது ஒலிக்கின்றது. பழுதுபட்ட பொருளை அனுப்பிவிட்டனர் என்று வீட்டார் மனங் கோணுகின்றனர். பழுது யாதுமில்லை, இருப்பது பொருத்தமின்மை ஒன்றே. செவிப்பொறி ஒவ்வொன்றுக்கும் ஓம் என்னும் அலகிலே ஓர் எண் உண்டு. மாறுமின்னோட்டத்துக்கு அப்பொறி காட்டும் எதிர்ப்பாகிய தடங்கலின் அளவே அவ்வெண். அதனைச் செவிப்பொறியின் சாதகம் எனலாம். எக்காலத்து, எவ்வகை ஆற்றலுக்கென அது பிறந்தது என்பதை அவ்வெண் கூறிவிடும். விரியலாக்கியின், அஃதாவது அம்பிளிபயரின், சாதகத்தோடு அதனை ஒப்பிட்டுப் பொருத்தம் பாராது இரண்டையும் இணைப்போர் பின்னர் வருந்துதல் இயல்பே.

அமெரிக்காவிலே யூட்டா மாநிலத்து நதானியேல் போல்டுவின் என்பார் தம் அடுக்களையிலிருந்து செய்த செவிப்பொறிகளை 1910 ஆம் ஆண்டளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. அக்காலத்துக் கம்பியில்லாத் தந்தி நிலையங்களிலே ஒலியைப் பெருக்குங் கருவி கிடையாது. வானிலிருந்து வான்கம்பி பற்றிய மிகச் சிறிய ஆற்றலே நேராகக் காதுக்கு வந்தது. அதனை ஒலியாக்கும் வாயில் ஒரு பளிங்குத் துண்டு. கலீனா என்னும் ஈயக்கனியத்தின் மீது மெல்லிய கம்பிமுனை ஒன்றைத் தொடவைப்பின், மின்னோட்டம் ஒரு திசையிலேயே செல்லும். இத்தகைய கலீனா உணர்கருவிக்கு வங்காளத்து விஞ்ஞானி சகதீச சந்திர போசு 1904 இல் அமெரிக்கப் புத்தாக்க உரிமை பெற்றார் என்பது நம் மாணவர் அறிந்திருக்கவேண்டிய செய்தி. பளிங்கு தரும் மின்னோட்டமோ மிக நுண்ணியது. அந்நுண்ணிய ஓட்டம் உலோகத்தகட்டை அசைக்க வேண்டுமாயின், காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற கம்பியைப் பல்லாயிரஞ் சுற்றுச் சுற்றவேண்டும். சுற்று மிகின் தடையும் மிகும். ஆகவேதான் அக்காலச் செவிப்பொறிகள் 2,000 ஓம், 4,000 ஓம் என விற்கப்பட்டன. ஆற்றலின் வறுமையே அவ்வெண்ணை நிருணயித்தது.

இலங்கையில் ஒலிபரப்பு, தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேட் காப்பர் 1920களின் முற்பகுதியிலே நடத்திய பரிசோதனைகளால் உருப்பெற்றது. முதலாம் உலகப்போரிலே கைப்பற்றப்பட்ட யேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களைக் கொண்டு முதற் பரப்பி அமைக்கப்பட்டதென்பர். 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள் தேசாதிபதி சேர் இயூ கிளிபோட்டு கொழும்பு நிலையத்தைத் தொடக்கிவைத்தார். கொழும்பிலும் அயலிலும் இருந்தோர் பளிங்குக் கருவி ஒன்றும் செவிப்பொறி ஒன்றும் கொண்டு, பற்றறியும் இன்றி, அதனைக் கேட்டல் கூடும். யாழ்ப்பாணத்தார்க்கு அது கூடாது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். பளிங்குக் கருவிக்கோ சில பத்துக் கிலோமீற்றருக்கப்பாற் செல்லுதல் அரிது. ஆதலின் இக்குடாநாட்டிலே வானொலி கேட்க விழைந்தோர் தொடக்கத்திலேயே வால்வை நாடவேண்டியதாயிற்று. தலைநகரத்துக்கு வேண்டாத விரியலாக்கி, வடக்கே இன்றியமையாததாயிற்று. தொலைவு என்பது அன்றே நமக்குச் செலவாக வந்தது.

1904 இல் பிளெமிங் அமைத்த வெற்றிடக் குழாயை அடுத்து, 1906 இல் லீ தி பொறெத்து அமைத்த குழாய் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கும் ஆற்றலை உலகுக்குத் தந்தது. ஆயின் வால்வு பசித்த விருந்தினன். அதன் இழையைச் சூடாக்க 2 வோல்ற்று ஈயச் சேமிப்புக்கலம் ஒன்று. அனோட்டுக்கு 90 வோல்ற்று அல்லது 120 வோல்ற்று உலர்பற்றறி ஒன்று. மின்சாரம் எட்டாத கிராமத்திலே வானொலி வைத்திருந்த வீடு, அதனை ஊட்டி வளர்க்கவும் வேண்டியிருந்தது. சேமிப்புக்கலத்தைக் காலத்துக்குக் காலம் மின்னேற்றக் கொண்டுசெல்லல் வீட்டு வேலைகளுள் ஒன்றாயிற்று. பற்றறியின் விலையை நோக்கினால், ஒலியைக் குறைத்துச் செவிப்பொறியிற் கேட்பதே சிக்கனம். ஆயினும் மக்கள் ஒலிபெருக்கியையே விரும்பினர். ஒருவர் காதிலே பூணின் ஏனையோர் அவர் முகத்தைப் பார்த்திருத்தல் வேண்டுமன்றோ?

திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தாரின் கேள்வி புதிய திசையை அடைந்தது. திருச்சி இங்கிருந்து ஏறக்குறைய 190 கிலோமீற்றர், கொழும்பினும் அணிமை. இடையிலே மலையில்லை, பாதி வழி கடல். உவர்நீரின்மேல் மத்திய அலைகள் நன்கு செல்லும் என்பது பௌதிகம் அறிந்தோர்க்குத் தெரியும். கருநாடக இசைக் கச்சேரிகளை வித்துவான்கள் நேரில் வாராமலே கேட்கும் வாய்ப்பு இவ்வாறு கிட்டியது. அரசியலெல்லைகள் ஒருபுறமிருக்க, வானலைகள் பூகோளத்தையே மதித்தன.

ஒலிபெருக்கியின் கதை தனிக்கதை. அசையுஞ் சுருள் கொண்ட ஒலிபெருக்கியை இறைசும் கெலொக்கும் 1925 இல் வெளிப்படுத்தினர். அதே அசையுஞ் சுருளைச் சுருக்கிச் செவிக்கு அமைத்தவர் பேர்லினிலிருந்த ஒய்கன் பேயர். அவரது டிரி 48 என்னும் பொறி 1937 இல் வந்தது. எனவே இன்றைய செவிப்பொறிகளுட் பெரும்பாலானவை பழைய தந்திக்காரரின் தகட்டுப் பொறிக்கு வாரிசல்ல, ஒலிபெருக்கிக்கே பிள்ளைகள். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலோ மற்றொரு கிளை தழைத்தது. அதுதான் கொம்புக்குழல் போன்ற கூம்பு ஒலிபெருக்கி. பனையிலும் கம்பத்திலும் கட்டப்பட்ட அக்கூம்பு, தான் பெறும் ஆற்றலிற் கணிசமான பங்கை ஒலியாக்க வல்லது. ஆகையால் சில பத்து வாற்று விரியலாக்கி ஒன்றே ஊர் முழுவதற்கும் போதியதாயிற்று. நெடுங்கம்பியில் ஆற்றல் வீணாகாதிருக்க 100 வோல்ற்று வரையில் அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, கூம்பின் அருகே மாற்றி ஒன்றினாற் குறைத்துக்கொள்வர். இதுவும் பொருத்தம் பார்த்தலே. ஆயின் கூம்புக்கு ஒரு குறை. தாழ்ந்த சுரங்களை அது விழுங்கிவிடும். தவிலின் வலந்தலைச் சொற்கள் வயல் கடந்து கேட்கும். தொப்பியின் அடிநாதமோ கம்பத்தடியிலேயே நின்றுவிடும். நாதசுரமும் தவிலும் இயல்பாகவே வெளியரங்குக்குரிய பெருவாத்தியங்கள். அவற்றையும் ஒலிவாங்கியின்முன் நிறுத்தித் தகரக் குரலாக்கியதை முன்னேற்றம் என்று கொள்ளல் எளிதன்று.

திரான்சிற்றர் வந்ததும் பொருத்தக் கணக்கு மாறியது. வால்வு உயர்ந்த அழுத்தத்தையும் சிறிய ஓட்டத்தையும் தருவது. திரான்சிற்றரோ தாழ்ந்த அழுத்தத்தில் மிகுந்த ஓட்டத்தைத் தருவது. எனவே செவிப்பொறியின் ஓம் எண்ணும் இறங்கலாயிற்று. 1968 இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414, திறந்த அமைப்புடைய முதற் செவிப்பொறி எனப் புகழ்பெற்றது. அதன் தடங்கல் இன்னும் 2,000 ஓம் ஆகவே இருந்தது. 1979 இல் சோனி வோக்மன் இரு சிறு பற்றறிகளோடு உலகெங்கும் நடந்து திரிந்தபோது, அதற்கேற்ற செவிப்பொறிகள் சில பத்து ஓம் அளவினவாயின. ஏறக்குறைய எழுபது ஆண்டுக் காலத்தில் எண் ஏறக்குறைய நூறிலொரு பங்காகக் குறைந்தது. செவி மாறவில்லை, இயக்கும் ஆற்றலே மாறியது.

இவ்வரலாற்றிலே யாழ்ப்பாணத்துக்கே உரிய இயல் 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தொடங்குகின்றது. மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் உலர்பற்றறியும் ஒன்று. இரவிலே ஜாம் போத்தல் விளக்கும், பகலிலே சைக்கிளும் குடும்பத்தைத் தாங்கின. வானொலியைத் தாங்கியதும் சைக்கிளே. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்ற, சில்லோடு உராயும் தைனமோ மின்னைப் பிறப்பிக்கும். 6 வோல்ற்று, 3 வாற்று என்பது அதன் பொதுவான அளவு. அது தருவது மாறுமின்னோட்டம். அதனை இருவாயிகளால் நேராக்கி, ஒடுக்கி ஒன்றினாற் சமப்படுத்தினாலன்றி வானொலி இரைச்சலையே எழுப்பும். பௌதிகப் பாடத்திலே சீராக்கிச் சுற்றை வரைந்து புள்ளி பெற்ற மாணவர் அதனை வீட்டிலே கட்டிப் பார்க்கும் காலம் அவ்வாறு வாய்த்தது. சுழற்றும் கை தளர்ந்தால் அழுத்தம் இறங்கும். செய்தி வாசிப்பவர் குரல் குழறும். மீண்டும் விரைந்தால் குரல் தெளியும். பி.பி.சி. தமிழோசையின் செய்தி நேரத்தில், சில்லைச் சுழற்றும் முறை வீட்டிலுள்ள இளையவர்களிடையே கைமாறிக்கொண்டே இருந்தது.

ஈண்டு ஒரு கணக்கு நோக்கத்தக்கது. சிறிய வானொலியின் ஒலிபெருக்கி திண்ணை முழுவதும் கேட்க ஏறக்குறைய அரை வாற்று வேண்டும். வோக்மனோடு வந்த செவிப்பொறிக்கோ ஒரு மில்லிவாற்றே மிகை. ஐந்நூறில் ஒரு பங்கு ஆற்றலோடு ஒருவர் இனிதே கேட்டிருக்கலாம், கையும் நொந்திராது. ஆயினும் வீடுகள் ஒலிபெருக்கியையே இயக்கின. அயலவர் வேலியோரத்தில் வந்து நின்றனர். எறிகணை எங்கே வீழ்ந்தது, பாதை திறக்குமா, பேச்சுவார்த்தை உண்டா என்பன ஒருவர் தனித்துக் கேட்டு வைத்திருக்கும் செய்திகள் அல்ல. வால்வு வானொலிக் காலத்தில் விலைகொடுத்து வாங்கிய பற்றறியைக் கொண்டு எடுத்த முடிவையே, இப்போது தம் கைவலிமையைக் கொண்டும் மக்கள் எடுத்தனர். பொறியியற் கணக்கிலே இது வீண்செலவு. அவ்வூரின் கணக்கிலே அவ்வாறன்று.

இனி, முற்கூறிய மாணவனின் செவிப்பொறிக்கு மீள்வோம். பேயர்டைனமிக் டிரி 880 இன் 600 ஓம் வகையை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிவாற்றுக்கு 96 டெசிபெல் ஒலியை அது தரும். தவிலின் தீர்மானம் முழங்கும் கணத்து 110 டெசிபெல் வேண்டின், ஏறக்குறைய 25 மில்லிவாற்றுத் தேவை. ஆற்றல் சிறிது, ஆனால் 600 ஓமினூடாக அதனைச் செலுத்த ஏறக்குறைய 4 வோல்ற்று வேண்டும். கைத்தொலைபேசி தருவதோ 1 வோல்ற்று அளவு, அல்லது அதனினும் குறைவு. மெலிந்த ஒலியின் காரணம் இதுவே. இதற்கு மறுதலையாக, ஹைபைமான் எச்.இ. 6 என்னும் தட்டைச் சவ்வுப் பொறியின் தடங்கல் 50 ஓம் மட்டுமே. எண்ணைக் கண்டு எளியதென மயங்கலாகாது. ஒரு மில்லிவாற்றுக்கு 83.5 டெசிபெல்லே தருவதால், அதே முழக்கத்துக்கு அரை வாற்றுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றலை அது கேட்கும்; மின்னோட்டமோ முன்னையதைப்போல் பதினைந்து மடங்கு. தைனமோக் காலத்துத் திண்ணை முழுவதற்கும் போதியதாயிருந்த ஆற்றலை இன்று ஒரு பொறி ஒருவர் காதிலே செலவிடுகின்றது!

வால்வு விரியலாக்கியை இன்றும் போற்றுவோர் உளர். மாற்றி இல்லாத வால்வு விரியலாக்கிகளின் வெளியீட்டுத் தடங்கல் பல பத்து ஓம் வரை செல்லும். 300 ஓம் சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற பொறியொடு அவை நன்கு இணங்கும். அப்பொறியின் தடங்கல் மந்த சுரங்களில் உயர்வதால், வால்வோடு சேருங்கால் மந்த ஒலி சற்றுப் பருத்துத் தோன்றும். அதனை வால்வின் மாயம் என்று கூறுவர். அது வெறும் பங்கீட்டுக் கணக்கே. 32 ஓம் பொறியை அதே விரியலாக்கியோடு இணைத்தால் இனிமை போய்க் குழப்பமே மிஞ்சும். விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கல் செவிப்பொறியினதில் எட்டிலொன்றை விஞ்சலாகாதென்பது இக்கலையிற் பயின்றோர் கொள்ளும் விதி. பொருத்தத்தை வாங்குவோர் கையில் விடாது தாமே முடித்துவைத்த செய்வோரும் உண்டு. 1991 இல் சென்ஹைசர் நிறுவனம் ஓபியசு என்ற நிலைமின் செவிப்பொறியை அதற்கெனவே அமைத்த வால்வு விரியலாக்கியோடு சேர்த்தே வெளியிட்டது. ஏறக்குறைய 300 தொகுதிகளே செய்யப்பட்டன.

இணுவிலிற் பிறந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பு ஒலிநாடாக்களில் எஞ்சியுள்ளது. அவற்றின் படிகள் இன்று கணினி வழியே உலகெங்கும் கிடைக்கின்றன. ஏற்ற விரியலாக்கியோடு இணைந்த செவிப்பொறியிலே அவற்றைக் கேட்பவன், பனையில் தொங்கிய கூம்பு என்றுமே தந்திராத தொப்பியின் அடிநாதத்தையும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடைப்பட்ட வெறுமையையும் கேட்கின்றான். அடுத்த அறையிலிருப்பவர்க்கு யாதும் கேட்பதில்லை.