கெட்டிக்காரர்: கடாரத் தோட்டங்களில் ஒரு குணச்சொல்லின் வரலாறு

சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் இன்றும் நாம் கேட்கும் எளிய சொல் 'கெட்டிக்காரர்' என்பது. இச்சொல்லின் அமைப்பை ஆராயின், கெடா மாநிலத் தோட்ட மக்களின் வரலாறும் உடன் விளங்கும்.

கெட்டி என்பதன் முதற்பொருள் திண்மை. கெட்டித் தயிர், கெட்டிச் சாயம் என்னும் வழக்குகளில் அப்பொருளே நிற்கிறது. இளகாமையும் வெளுக்காமையும் பொருளின் சிறப்பாதல் போல, தளராத அறிவும் திறமும் மனிதரின் சிறப்பாயின.

இனி இலக்கணம் காண்போம். பழந்தமிழில் குணத்தை உணர்த்தும் சொல்லே திணை, பால், இட விகுதிகளை ஏற்றது: நல்லேன், நல்லை, நல்லன், நல்லள், நல்லர். இவற்றைத் தொல்காப்பியர் குறிப்புவினையுள் அடக்கினார். ஐரிய மொழியிலோ 'நல்ல' எனப் பொருள்படும் சொல் ஆண்பாற் பெயரின்பின் 'மா' என்றும், பெண்பாற் பெயரின்பின் ஏறத்தாழ 'வா' என்றும் முதலெழுத்துத் திரிந்து ஒலிக்கும். அங்கே சொல்லின் தலை மாறுகிறது. தமிழில் ஈறு மாறுகிறது. 'அவள் கணக்கில் கெட்டி' என்னும்போது பால் தோன்றாது. கெட்டிக்காரன், கெட்டிக்காரி, கெட்டிக்காரர் எனும்போதுதான் குணத்திற்கு உரிய ஆள் வெளிப்படுகிறார். பெயருக்கு அடையாகுங்கால் அவ்வீறு நீங்கி, 'கெட்டிக்காரப் பெண்' என்றாகும்.

இவ்வீற்றின் அருமையை மற்றொரு சொல் காட்டும். 'கூலி' என்பது தமிழில் உழைப்பின் ஊதியம். ஊதியம் பெறுபவர் கூலிக்காரர், கூலியாள். ஆங்கிலேயர் ஏடுகளிலோ 'கூலி' என்பதே மனிதரின் பெயராயிற்று. அவ்வாட்சியைக் குஜராத்தின் 'கோலி' என்னும் இனப்பெயரோடு இணைப்போரும் உளர். மூலம் எதுவாயினும், தமிழ்ச் செவிக்கு நேர்ந்தது ஒன்றே: 'காரர்' போயிற்று, 'ஆள்' போயிற்று, ஊதியம் மட்டும் எஞ்சியது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமிடமிருந்து ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தபின், இரப்பர்த் தோட்டங்களில் பெருகிய நம் முன்னோர் இப்பெயராலேயே எண்ணப்பட்டனர்.

ஆயினும் லயங்களில் அவர்கள் ஒருவரையொருவர் அவ்வாறு அளக்கவில்லை. பட்டை காயாமல் பால் வெட்டுபவர் கெட்டிக்காரர். குறைந்த சம்பளத்தில் குடும்பத்தை நிலைநிறுத்துபவள் கெட்டிக்காரி. 1947இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தோர் தம் அமைப்பிற்குத் 'தொண்டர் படை' எனப் பெயரிட்டனர். தொண்டு என்னும் பண்போடு 'அர்' என்னும் உயர்திணை ஈறு சேர்ந்த சொல் அது. பிறர் ஏட்டில் இழந்த ஈற்றைத் தம் பெயரில் அவர்களே மீட்டுக்கொண்டனர் என்று நாம் கருதலாம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இந்நாளில், நம் பிள்ளைகளைக் கெட்டிக்காரர் என அழைக்கும்போது அச்சொல்லின் திண்மையையும் அதன் ஈற்றில் நிற்கும் மனிதரையும் நாம் மறவாதிருப்போமாக.