லிச்சி பூக்கும் மூன்று வாரங்கள்: கோடைத் தொடக்கத்தில் தேனீ வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

சூப்பர் மார்க்கெட்டில் 'லிச்சி தேன்' பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேனுக்குப் பேர்போன இடம் பீகாரின் முசாஃபர்பூர். இங்கு விளையும் ஷாஹி லிச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்ச்சில் தோட்டங்கள் பூக்கும்போது தேனீப் பெட்டிகள் லாரிகளில் வந்து இறங்கும். பூக்காலம் சுமார் மூன்று வாரம்தான். அதைத் தவறவிட்டால், லிச்சி தேனுக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்கணும்.

பூ நிறைய இருக்கு, அப்புறம் என்ன கவலை?

கவலையே அதுதான். உணவு பெருகினால் தேனீக்களும் பெருகும், பெட்டியில் இடம் பத்தாது. உடனே புது ராணிக்கான அறைகளைக் கட்டத் தொடங்கும். பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு பறந்துவிடும். மிச்சமிருக்கும் தேனீக்களை வைத்து அந்தப் பருவத்தில் பெரிதாகத் தேன் எடுக்க முடியாது.

முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள் ஆகும். ஆனால் எட்டாவது நாள் வாக்கிலேயே ராணி அறை மூடப்பட்டுவிடும். கூட்டம் கிளம்புவதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு சட்டத்தையும் தூக்கிப் பார்க்கிறார்கள். ராணி அறை தெரிந்தால் நீக்குவார்கள், மேலே இன்னொரு தேன் அறை வைப்பார்கள், அல்லது கூட்டத்தையே இரண்டாகப் பிரிப்பார்கள்.

தேனை எப்போது எடுக்கணும்?

அவசரப்பட்டால் நஷ்டம். பூவிலிருந்து வரும் மதுவில் தண்ணீர் அதிகம். தேனீக்கள் சிறகால் விசிறி அதை வற்றவைத்து, மெழுகால் மூடும். அடையில் முக்கால்வாசி மூடிய பிறகு எடுப்பதே நல்லது. இந்தியாவின் உணவுத் தர விதிப்படி தேனில் ஈரப்பதம் பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தேன் புளிக்கும்.

பூ உதிர்ந்த பிறகு?

சிலர் பெட்டிகளை ஜார்க்கண்டுக்குக் கொண்டுபோவார்கள். நம்ம ஊர் புங்க மரம்தான் அங்கே 'கரஞ்ச்'. அது ஏப்ரல் வாக்கில் பூக்கும். பயணம் இரவில்தான். இருட்டினால் எல்லாத் தேனீயும் கூடு திரும்பிவிடும், வெயிலும் இருக்காது.

போகாதவர்களுக்கு வெயிலோடு போராட்டம். புழுக்கள் வளர கூட்டுக்குள் 34-35 டிகிரி வெப்பம் வேண்டும். வெளியே 40-ஐத் தாண்டினால், தேனீக்கள் தண்ணீர் சுமந்து வந்து விசிறியே கூட்டைக் குளிர்விக்கும். எனவே நிழலும் பக்கத்தில் தண்ணீரும் கட்டாயம். காலி அடைகளை அப்படியே விட்டால் மெழுகுப் பூச்சி அரித்துவிடும். அவற்றை எடுத்துவிட வேண்டும்.

சர்க்கரைப் பாகு கொடுப்பது கலப்படமா?

பூவே இல்லாத நாட்களில் கொடுத்தால் அது பட்டினியைத் தடுக்கும் உணவு. தேன் சேரும் காலத்தில் கொடுத்தால் பாகும் தேனோடு கலந்துவிடும். அது மோசடி.

பெரிய கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது. எடுத்த தேன் இன்றைய வருமானம், கூட்டில் விட்ட தேன் அடுத்த பருவத்தின் முதலீடு. எல்லாவற்றையும் வழித்து எடுத்தவர் மழைக்காலத்தில் காலிப் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்.

தோட்டக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. லிச்சி காய்க்கப் பூச்சிகள் மகரந்தம் சுமக்கணும். பூத்திருக்கும் மரத்தில் பூச்சிமருந்து அடித்தால் தேனும் போகும், பழமும் குறையும்.

அடுத்த முறை தேன் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: உறைந்த தேன் எல்லாம் போலி இல்லை. கடுகுப் பூத்தேன் இயல்பாகவே சீக்கிரம் உறையும்.