மலைக்கு இந்தப் பக்கம் – திருப்பூர் மண்ணின் தட்பவெப்பக் கதை

ஜூன், ஜூலை மாதங்களில் பாலக்காட்டில் குடை இல்லாமல் வெளியே போக முடியாது. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருப்பூரிலோ அதே நாட்களில் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். கேரளத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 3000 மில்லிமீட்டர். திருப்பூர், காங்கயம் பக்கம் 600 முதல் 700 மில்லிமீட்டர் கிடைத்தாலே நல்ல வருடம். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. அரபிக்கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் குறைவு, வெப்பம் அதிகம். இதைத்தான் மழை மறைவுப் பிரதேசம் என்கிறார்கள். இடையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறதே என்று கேட்கலாம். அங்கே காற்று மேலே ஏற வேண்டிய அவசியம் இல்லை. அதனால் பெருமழை இல்லாமல் வேகமான காற்றும் கொஞ்சம் சாரலும்தான் வந்து சேரும். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். இந்தப் பகுதிக்கு முக்கிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை.

இந்த வறட்சிக்கு ஏற்ற மாதிரி வாழப் பழகியவற்றில் முதலில் சொல்ல வேண்டியது காங்கயம், தாராபுரம் வட்டாரத்துக் கொறங்காடு. சில ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டிருப்பார்கள். கிளுவை கோடையில் இலையை உதிர்த்துத் தண்ணீரைச் சேமிக்கும். உள்ளே இருக்கும் கொழுக்கட்டைப் புல் காய்ந்து போனாலும் வேர் சாகாது. ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்த்துவிடும். வெள்வேல மரம் நிழலும் தரும், காயும் தரும். வேலிக்குள் புல் தீராதபடி மாற்றி மாற்றி மேய்ப்பார்கள்.

அந்தப் புல்லில் வளர்ந்ததுதான் காங்கயம் மாடு. குறைந்த தீவனத்தில் தாக்குப்பிடிக்கும், வெயிலில் உழைக்கும், குளம்பு உறுதியானது. இதில் இயற்கையின் பங்கு மட்டும் இல்லை, மனிதனின் தேர்வும் உண்டு. பழையகோட்டை பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்ததில் பெரும் பங்கு வகித்தவர். ஆழக் கிணற்றில் தோல் பறியைக் கட்டி மாடுகளை வைத்து நீர் இறைப்பதைக் கொங்கு நாட்டில் 'கவலை' என்பார்கள். மழை இல்லாத ஊரில் விவசாயம் நடந்தது அந்த மாடுகளின் தோளில்தான்.

பருத்தியும் இதே கதைதான். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் ஆழமாக வேர் விடும் கருங்கண்ணிப் பருத்தி மானாவாரியாக விளைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. அது கிணற்றுப் பாசனம் உள்ள செம்மண் தோட்டங்களில் பரவியது. காய் வெடிக்கும் மாதங்களில் மழை இல்லாததால் பஞ்சு நனையாமல் வீடு வந்து சேர்ந்தது. ரயில் பாதை ஏற்கெனவே இருந்ததால் திருப்பூர் பஞ்சுச் சந்தையானது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் உற்பத்தியானது. அதாவது, மலை தடுத்து நிறுத்திய மழை மின்சாரமாகக் கீழே இறங்கி மில்லையும் மோட்டாரையும் ஓட்டியது! பஞ்சு நூலாகி, நூல் பனியனாகி, 1980களில் ஏற்றுமதி சூடு பிடித்தது.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. புல்லும் மாடும் பருத்தியும் தண்ணீர் குறைவு என்பதை ஏற்றுக்கொண்டு வாழ்ந்தன. சாயப்பட்டறைகள் அதை மறந்துவிட்டன. துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு சேர்க்க வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் நொய்யலில் கலந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும் ஆறு. உப்பைக் கரைத்து அடித்துச் செல்ல அதில் வெள்ளம் ஏது? வெயிலில் தண்ணீர் ஆவியானது, உப்பு மட்டும் தங்கியது. 1992இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணைத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. ஓர் அணைக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது. கிணறுகளும் கெட்டன.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். பிறகு, கழிவை வெளியேவிடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையில் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. தண்ணீரைச் சவ்வு வழியாக வடிகட்டி மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள்; உப்பையும் பிரித்தெடுக்கிறார்கள். செலவு அதிகம்தான். ஆனால் இருக்கிற தண்ணீரை வைத்தே திரும்பத் திரும்பப் பிழைக்கும் வித்தை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கொழுக்கட்டைப் புல் அதைத்தான் காலங்காலமாகச் செய்து வருகிறது.

மலையை நகர்த்த முடியாது, மழையைக் கூட்டவும் முடியாது. வரும் மழைக்குள் வாழத் தெரிந்தவைதான் இந்த ஊரில் நிலைத்திருக்கின்றன. பனியன் தொழிலுக்கும் அதே விதிதான்.